ஸ்டெப்னியில் மாட்டிய ஜாக்கி

மொதல்ல இஞ்சினப் பாருங்க தம்பி. வர்றவுங்க அம்புட்டுப் பேரும் நேரா பின்னாடிதான் போறாங்க. நீங்களும் அப்படியே போயி நிக்கிறீங்க. ஸ்டெப்னியில என்னத்தக் கண்டீங்க? அது துரு விழுந்த ஓட்டை இல்ல. ட்ரில் போட்டது. அந்தத் தகடு நானா அளவெடுத்து அடிச்சு மாட்டுனது. ஜாக்கி மாட்டுறதுக்கு. இப்ப ஜாக்கி இல்ல, கழட்டிட்டேன்.

சொல்றேன், உக்காருங்க. அந்தச் சேர்ல வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. கோயமுத்தூர்லருந்து பஸ் ஏறி, ஜீப்பு வாங்கணும்னு இந்தப் போடிக்கு வந்திருக்கீங்க. முக்கு டீக்கடையில நின்னீங்கன்னா ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாய்ங்க. அதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுக்கங்க. ராசாத்தி, தம்பிக்கு மோரு கொண்டா.

நான் இருபத்திரெண்டு வருசம் சொந்தமா ஓட்டுனவன் தம்பி. பவுன்ராசு ஜீப்புன்னா போடிமெட்டுச் செக்போஸ்ட்டு வரைக்கும் தெரியும். பதினேழு கொண்டை ஊசி வளைவு, கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன். அப்பறம் இடது முட்டி போச்சு. கிளச்ச மிதிச்சா உச்சந்தலை வரைக்கும் வலி தெறிக்கும். அதனால ஆளு போட்டேன். வனராசுன்னு ஒரு பய. நல்ல பயதான், குத்தம் சொல்ல மாட்டேன். முப்பது வயசிருக்கும். கல்யாணம் ஆகல.

வேலை ஒண்ணுதான். இங்க இருந்து வெள்ளன ஆறு மணிக்குப் பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு மெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துல எறக்கிவிடணும். காயெடுத்து முடிச்சு சாயங்காலம் திரும்பக் கூட்டியாரணும். தார் ரோடு பாதி வரைக்குந்தான். அதுக்கு மேல தோட்டத்து மண் ரோடு. மழை பேஞ்சா ரோடும் ஓடையும் ஒண்ணுதான். மூணு மாசம் வண்டி வழுக்கும், புதையும், தள்ளுவாய்ங்க, திரும்பவும் புதையும். வண்டியோட வர்ற பாட்டில் ஜாக்கிய வச்சா, அது வண்டியத் தூக்குறதுக்குப் பதிலா அதுவே சேத்துக்குள்ள எறங்கும்.

அதுக்குத்தான் அந்த ஜாக்கி. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நாலடி ஒசரம், பதினாலு கிலோ கனம். நெட்டுக்க ஒரு இரும்புக் கம்பம், கம்பம் பூராம் வரிசையா ஓட்டை. கைப்பிடியப் பிடிச்சு மேலயும் கீழயும் அடிக்க அடிக்க, நாக்கு ஒவ்வொரு ஓட்டையா ஏறிக்கிட்டே போகும். வண்டி எந்தக் கோலத்துல கெடந்தாலும் சரி, ஒரு விளிம்பு கெடைச்சாப் போதும், தூக்கிரும். நாங்க நெட்டை ஜாக்கின்னு சொல்வோம். கோட்டயத்துக்காரர் ஒருத்தர், மலையில ஜீப்புப் பந்தயம் ஓட்டுறவரு, அவர்கிட்டச் சொல்லி வச்சு வாங்குனேன். இந்த மலையில ஏறுற கூலி ஜீப்புல மொத மொதல்ல அத வாங்குனது நான்தான். யார வேணாலும் கேளுங்க.

மொதல்ல உள்ளதான் போட்டு வச்சிருந்தேன், ரெண்டு சீட்டுக்கும் நடுவுல. பொம்பளைகளுக்கு ஆகல. "கால்ல இடிக்குதுண்ணே, வளைவுல உருண்டு வந்து முட்டியில மோதுது"ன்னு தெனம் ஒரே சத்தம். ஈஸ்வரின்னு ஒருத்தி, சேலையத் தூக்கிக் கரண்டைக்கால்ல கன்னிப்போனதக் காட்டுனா. எனக்குச் சங்கடமாப் போச்சு. சரி, அதுக சௌரியமா உக்காரட்டும்னுதான் வெளிய மாட்டுனேன். அது வெளிய போனதுல உள்ள ரெண்டு பேரு கூட உக்கார எடம் கெடைச்சுச்சு, அது வேற விசயம். அதுக்காக மாட்டுனேன்னு இப்பச் சொல்றாய்ங்க. அப்படி இல்ல.

மாட்டுனத நீங்க பாத்திருக்கணும் தம்பி. வெல்டிங் ஜெயமணி கடையில மூணு நாளு உக்காந்தேன். மொத நாளு ஸ்டெப்னி போல்ட்ல ரெண்டக் கழட்டி, நீளமா வேற போல்ட்டுப் போட்டு, தகட்ட ஏத்துனோம். ஜாக்கி கடகடன்னு ஆடுச்சு. கழட்டு. ரெண்டாவது நாளு குறுக்க வச்சோம், நம்பர் பிளேட்ட மறைச்சிருச்சு. திரும்பக் கழட்டு. மூணாவது நாளு சாய்ச்சு வச்சேன். கம்பத்து ஓட்டை ரெண்டும் போல்ட்டுல அப்படியே போயி உக்காந்துச்சு. பழைய டியூப வெட்டி அடியில ரப்பர் குடுத்தேன். நாக்கு இருக்குற எடத்துல கிரீஸ் வச்சு, தார்ப்பாயில ஒரு உறை தச்சு மாட்டுனேன். மழைத்தண்ணி உள்ள போச்சுன்னா துருப்பிடிச்சு எறுகிரும், அப்பறம் அது வெறும் இரும்புக் கட்டைதான். பதினேழு வளைவும் ஏறி எறங்கட்டும், ஒரு சத்தம் வராது. செக்போஸ்ட்டுல நிறுத்துனா மத்த டிரைவருக சுத்தி நின்னு பாப்பாய்ங்க.

பாத்தா சரி. கை வைக்கக்கூடாதுல்ல? பத்தே நாளு. பூப்பாறையில டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள கைப்பிடியக் காணோம். எவனோ உருவிட்டுப் போயிட்டான். புதுக் கைப்பிடி வரவைக்க ஒரு மாசம் ஆச்சு. அதுக்கப்பறந்தான் பூட்டு.

பூட்டுன்னா சும்மா பெட்டிப் பூட்டு இல்ல. போல்ட்டு நுனியில ஓட்டை போட்டு, அதுல பூட்டக் கோத்து, பூட்டச் சுத்தி ஒரு இரும்புக் கூடு. கம்பியவிட்டு நெம்ப முடியாது, ரம்பம் நுழையாது. சாவி மட்டும் அடியில போகும். ஜெயமணி கேட்டான், "அவசரத்துல கழட்டணும்னா என்னண்ணே பண்ணுவ?" "சாவி எதுக்குடா இருக்கு?"ன்னேன். சரியாத்தான சொன்னேன்?

சாவிய வனராசுகிட்டத்தான் குடுத்திருந்தேன். இத நல்லா கேட்டுக்கங்க. மொதல்ல அவன்கிட்டத்தான் குடுத்தேன்.

அவனுக்கு ஒரு பழக்கம். வழியில எவன் வண்டி புதைஞ்சு கெடந்தாலும் எறங்கிருவான். சின்னமனூர்க்காரன் ஒருத்தனும் இதே தடத்துல ஜீப்பு ஓட்டுறான். எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை இல்ல. என் ஆளுகளையே ரெண்டு பேர இழுத்துட்டுப் போனவன். ஒரு நா அவன் வண்டி மண் ரோட்டுல பொதைஞ்சு நிக்கிது. நம்ம பய என்ன பண்ணியிருக்கான், என் ஜாக்கியக் கழட்டி அவன் வண்டியத் தூக்கி விட்டிருக்கான். அதோட விட்டானா? "சாயங்காலம் வர வச்சிக்கங்க"ன்னு குடுத்துட்டும் வந்துட்டான். திரும்பி வந்தப்ப நாக்கு பூராம் சேறு. ரெண்டு மணி நேரம் டீசல்ல ஊறப்போட்டுக் கழுவுனேன் தம்பி, இதே வாசல்ல உக்காந்து. இந்த முட்டிய மடக்க முடியாம மடக்கிக்கிட்டு.

சாயங்காலம் வந்தான். "சாவியக் குடுடா"ன்னேன். குடுத்தான்.

"அண்ணே, பொம்பளைக பதினஞ்சு பேரு மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னாங்கண்ணே."

"அது அவன் வண்டி. அவன் பாத்துக்கிருவான். இனிமே உனக்கு வேணும்னா என்னயக் கேட்டு வாங்கிக்க."

"மேல மாட்டிக்கிட்டு நின்னா, கீழ இருக்குற உங்கள எப்படிண்ணே கேக்குறது?"

"மாட்டாம ஓட்டு. அதுக்குத்தான சம்பளம் வாங்குற."

போயிட்டான். நான் சாவியக் கொண்டுபோயி சாமி அலமாரியில, படத்துக்குக் கீழ இருக்குற ஆணியில மாட்டுனேன்.

நானும் நிரந்தரமா வச்சுக்கணும்னு நெனைக்கல தம்பி. ஒரு பத்து நாளு, ஒரு மாசம், அவனுக்குப் புத்தி வரட்டும்னுதான். ஆனா அவன் கேக்க ஆரம்பிச்சான் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. கேக்கக் கேக்கக் குடுக்கணும்கிற எண்ணமே போயிருச்சு. காலையில வண்டி எடுக்க வரும்போது கேப்பான். மேல போயி சிக்னல் கெடைக்கிற எடத்துல நின்னு போன் போட்டுக் கேப்பான். "அண்ணே, இன்னைக்கி ரோடு மோசம், நாளைக்காச்சும் குடுத்துருங்கண்ணே." நான் "பாப்போம்"னு வச்சிருவேன்.

ஒரு நா அவன் அக்காளே கேட்டா. ஒச்சம்மா. வனராசுக்குக் கூடப் பொறந்த அக்கா. அவதான் அவுக தெருப் பொம்பளைகளப் பூராம் எங்க ஜீப்புல சேத்துவிட்டவ. தெனம் கடைசியில, பின்னாடி வாசலோரமா உக்காருவா. மத்தவுகள உள்ள உக்கார வச்சிட்டு, மிச்சம் இருக்குற எடத்துல ஒண்டிக்கிருவா. அன்னைக்கி வண்டி கெளம்புற நேரம், கேட்டுகிட்ட வந்து நின்னா.

"அண்ணே, அந்தச் சாவியத் தம்பிகிட்டக் குடுத்துருங்கண்ணே. மழை வலுக்குது. எங்களுக்குப் பயமா இருக்கு."

"என்ன ஒச்சம்மா, தம்பி உன்னயத் தூது விட்டானா?"ன்னேன், சிரிச்சுக்கிட்டேதான். அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே போயி ஏறிட்டா. அன்னைக்கே குடுத்திருக்கலாம். ஆனா பாருங்க, சரின்னு அப்ப எடுத்துக் குடுத்திருந்தா, டிரைவருக்கு மொதலாளி பயந்தமாதிரி ஆகிருமுல்ல?

மோரு குடிங்க தம்பி. உப்பு போதுமா?

ஆவணி மொத முகூர்த்தம் அன்னைக்கி. எங்க மச்சினர் பேத்திக்குக் காதுகுத்து, மண்டபத்துல. நான் விடியக்காலமே போயிட்டேன். மேல மூணு நாளா விடாம மழை. வனராசு ஆறு மணிக்கு வண்டி எடுத்திருக்கான். பதினாறு பேரு. ஆர்.சி.புக்குல ஒம்பதுதான் போட்டிருக்கும், அது எல்லா ஜீப்புலயும் உள்ளதுதான்.

தோட்டத்துக்கு ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கையில, எறக்கத்துல, ரோட்டோட வெளி ஓரம் அப்படியே உக்காந்துருச்சு. மண்ணு கரைஞ்சு போயிருக்கு, மேல பாத்தா தெரியாது. பின் சக்கரம் எறங்கி, வண்டி பைய, ரொம்பப் பையத்தான் சாஞ்சிருக்கு. உருளல. கீழ ஒரு பாறை, அதுல முட்டி அப்படியே இடது பக்கமாப் படுத்துருச்சு. உள்ள இருந்த பொம்பளைகளுக்குச் செராய்ப்பு, ஒருத்திக்குக் கை பெசகிருச்சு, அம்புட்டுத்தான். ஒச்சம்மா வாசலோரம் உக்காந்திருந்தவ. வண்டி சாயும்போது வெளிய விழுந்திருக்கா. விழுந்தவ மேல வண்டியோட விளிம்பு. இடுப்புக்குக் கீழ பூராம் அடியில.

இதெல்லாம் ஈஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அங்க இல்லயே.

மத்தவுகள வெளிய இழுத்துப் போட்டுட்டு, எல்லாருமாச் சேந்து வண்டியத் தூக்கிப் பாத்திருக்காங்க. பொம்பளைக பதினஞ்சு பேரு, ஒரு ஆம்பள. காலு சேத்துல நிக்கல. வண்டி அரை விரக்கடை எந்திரிக்கிது, திரும்ப உக்காருது. எந்திரிச்சு உக்காரும்போதெல்லாம் அவ கத்துறா. "தூக்காதீங்க, தூக்காதீங்க"ன்னு அவளே சொல்லியிருக்கா.

அப்பத்தான் வனராசு பின்னாடி ஓடியிருக்கான். ஜாக்கி அங்கதான் இருக்கு. கண்ணுக்கு முன்னாடி, கைக்கு எட்டுற எடத்துல, தார்ப்பாய் உறை போட்டு. அத எடுத்து அந்த விளிம்புல குடுத்து அடிச்சிருந்தா அஞ்சு நிமிசம். நான் பந்தயமே கட்டுவேன், அஞ்சு நிமிசத்துக்கு மேல ஆகாது.

வீல் ஸ்பேனரால அடிச்சிருக்கான். பாறாங்கல்லத் தூக்கிப் போட்டிருக்கான். தகட்ட நெம்பிப் பாத்திருக்கான். ஒண்ணும் அசையல. நல்ல வேலை தம்பி அது, ஜெயமணி வேலை. ஸ்பேனர் வழுக்கி வழுக்கிக் கையெல்லாம் கிழிஞ்சிருச்சாம். ஒச்சம்மா கீழ படுத்தபடியே, "கைய ஒடச்சுக்கிராத தம்பி, யாராச்சும் வருவாக, செத்த இரு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. கடைசியில பய அடிக்கிறத விட்டுட்டு அந்தப் பூட்டக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு அழுதானாம்.

போனா? பண்ணுனான்.

மண்டபத்துல மைக் செட்டு போட்டிருந்தாய்ங்க. காதுல ஒண்ணும் விழல. அப்படித்தான் போலீஸ்லயும் சொன்னேன்.

நீங்க வெளியூரு. உங்ககிட்டச் சொல்றதுல ஒண்ணுமில்ல. போன் அடிச்சது எனக்குத் தெரியும். சட்டைப் பையிலதான் இருந்துச்சு, அதிருமுல்ல. எடுத்துப் பாத்தேன். வனராசுன்னு இருந்துச்சு. எட்டு நாப்பது இருக்கும். இவன் வேலையத்துப்போயி விசேச வீட்டுலயும் சாவி கேக்குறான்னு நெனச்சேன். தெனம் அந்த நேரத்துக்குத்தான் கேப்பான், அதனால அப்படி நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாய்ங்க. போன மேசையில கவுத்து வச்சிட்டேன். ரெண்டாவது தடவை அதிர்ந்துச்சு. மூணாவது தடவை பக்கத்துல இருந்த சம்பந்தகாரரு, "எடுங்களேன், அவசரமா இருக்கப் போகுது"ன்னாரு. "டிரைவர் பய, சும்மா"ன்னேன். அதுக்கப்பறம் ஏதோ தெரியாத நம்பர்லருந்து வந்துச்சு. ஈஸ்வரி போனு அது. அதையும் எடுக்கல. பந்தி போட்டாச்சு, எலையில உக்காந்தாச்சு.

எடுத்திருந்தாலும் என்ன தம்பி ஆகப்போகுது? சாவி இங்க. அவுக அங்க. நான் கெளம்பி மெட்டு ஏறிப் போயிச் சேர ஒண்ணரை மணி நேரம். இத நான் நெறைய நேரம் யோசிச்சிருக்கேன். எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ஒண்ணும் ஆயிருக்காது.

அம்பது நிமிசம் கழிச்சு அந்தச் சின்னமனூர்க்காரன் வண்டிதான் வந்திருக்கு. அவன் ஆளுக, மரக்கட்டை, பலகைக்கு மேல பாட்டில் ஜாக்கின்னு எல்லாத்தையும் வச்சு எப்படியோ தூக்கி அவள உருவிட்டாய்ங்க. அவன் வண்டியிலயே போட்டுக் கீழ கொண்டு வந்திருக்காய்ங்க. அது வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்திருக்கா. மெட்டு எறங்கும்போது, பாதி வளைவுலயே பேச்சு நின்னு போச்சு.

பத்தேகாலுக்கு, சாப்பிட்டு மொய்யும் எழுதி முடிச்சிட்டு நானாத்தான் கூப்பிட்டேன். எடுத்தான். "அக்கா போச்சுண்ணே"ன்னான். நான் "வண்டி எங்க நிக்கிது?"ன்னு கேட்டேன். கேக்கத்தான வேணும்? போலீஸ் வந்துருமுல்ல. அதையும் ஒரு குத்தமாச் சொல்றாய்ங்க இப்ப.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருப்பனா? டாக்டரு, "கொஞ்சம் முன்னாடி வெளிய எடுத்திருந்தா பாத்திருக்கலாம், ரத்தம் உள்ளயே போயிருச்சு"ன்னாரு. டாக்டருக எப்பவும் அப்படித்தான் சொல்வாக. வாசல்ல ஒச்சம்மா வீட்டுக்காரரு நிக்கிறாரு. காமுத்துரைன்னு பேரு. கொத்தனாரு. பூச்சு வேலையில இருந்து அப்படியே வந்திருக்காரு, கையெல்லாம் சிமெண்டு காஞ்சு போயி இருக்கு. அழுகல. என் பக்கத்துல வந்து, ரொம்ப மரியாதையா, மெதுவாக் கேட்டாரு.

"அண்ணே, அந்த ஜாக்கி பூட்டியிருந்துச்சாம்ல. சாவி யார்கிட்டண்ணே இருந்துச்சு?"

நான் யோசிச்சுச் சொல்லல தம்பி. யோசிக்க நேரமே இல்ல. அந்த மொகத்தப் பாத்துக்கிட்டு, என் வீட்டு ஆணியில தொங்குதுன்னு எப்படிச் சொல்றது? "வனராசுகிட்டத்தான், நேத்து சாயங்காலந்தான் குடுத்தேன்"ன்னு வாய் தானாச் சொல்லிருச்சு. "எங்கயோ தொலைச்சிட்டான் போல"ன்னும் சொன்னேன். அது எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

அவரு தலைய ஆட்டுனாரு. அம்புட்டுத்தான். ரெண்டு நாளு போகட்டும், ஆற அமரச் சொல்லிக்கிரலாம்னு நெனச்சேன்.

மறுநா அவுக வீட்டுல பொணம் எடுப்பு. சனம் பூராம் கூடியிருக்கு. நானும் மாலை வாங்கிட்டுப் போயி ஆம்பளைகளோட நின்னேன். பொறந்த வீட்டுக் கோடி போடணும்ல, கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தந்தான். வனராசு வந்தான். ரெண்டு கையிலயும் கட்டு. அந்தக் கட்டுப் போட்ட கையில தட்டப் பிடிக்க முடியாம நெஞ்சோட அணைச்சு, சேலைய வச்சுக் கொண்டு வாரான். சேப்புச் சேலை.

காமுத்துரை எந்திரிச்சாரு. தட்டத் தட்டிவிட்டாரு. சேலை மண்ணுல போயி விழுந்துச்சு.

"சாவியத் தொலைச்சிட்டு என் பொண்டாட்டியக் கொன்னவன் கோடி போடுறியா? எடுத்துக்கிட்டுப் போடா."

"மாமா, சாவி என்கிட்ட இல்ல மாமா."

"நேத்து சாயங்காலம் வாங்குனியாமுல்ல? குடிச்சிட்டு எங்க போட்ட?"

"நான் வாங்கவே இல்ல மாமா. மூணு மாசமா என்கிட்டச் சாவி இல்ல. அண்ணன் அங்கதான நிக்கிறாரு. அவர்கிட்டயே கேளுங்க."

மொத்தச் சனமும் என் பக்கம் திரும்புச்சு தம்பி. வனராசு என்னயப் பாத்தான். கோவமாப் பாக்கல. அதுதான். ஏதோ நான் வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன்கிற மாதிரி பாத்தான்.

நான் சொன்னேன், "இப்ப எதுக்குப்பா அந்தப் பேச்சு? எழவு வீடு. ஆக வேண்டியதப் பாருங்க."

பொய் சொல்லல பாத்துக்கங்க. அன்னைக்கி அந்த எடத்துல நான் ஒரு பொய்யும் சொல்லல. பெரியவுகள்லாம், "பவுன்ராசு சொல்றது சரி, ஆக வேண்டியதப் பாருங்க"ன்னாக. சண்டை நின்னுச்சு. நான் ஒரு வார்த்தை பேசலைன்னா அன்னைக்கி அடிதடி ஆகியிருக்கும்.

வனராசு குனிஞ்சு சேலைய எடுத்தான். கட்டுப் போட்ட கையில மண்ணத் தட்டப் பாத்தான். முடியல. அப்படியே மடிச்சு வச்சிக்கிட்டு வெளிய போயிட்டான். தூக்கிட்டுப் போகும்போது தெரு முக்குல நின்னான். அவன் தோள் குடுக்கல, குடுக்க விடல. கோடி இல்லாமத்தான் அவ போனா. அவுக ஆளுகளுக்கு அது எம்புட்டுப் பெரிய கொறைன்னு உங்களுக்குத் தெரியும்ல.

சாயங்காலம் என்னயத் தேடி வந்தான். கேட்டுக்கு வெளியதான் நின்னான், உள்ள வரல. "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"ன்னான். "பதட்டத்துல சொல்லிட்டேன்டா, சொல்லித் திருத்திருவோம், கொஞ்சம் ஆறட்டும்"னேன். "எப்பண்ணே?"ன்னான். "பதினாறு கழியட்டும்"னேன். தலைய ஆட்டிட்டுப் போனான். பதினாறு கழிஞ்சுச்சு. அன்னைக்கின்னு பாத்து எனக்கு முட்டி வலி, எந்திரிக்க முடியல.

கேசு டிரைவர் மேலதான். அஜாக்கிரதையா ஓட்டுனது, ஆளு கூட ஏத்துனது. "ஒம்பதுக்கு மேல ஏத்தாதன்னுதான் சொல்லியிருக்கேன்"னு எழுதிக் குடுத்தேன். வக்கீலு எழுதச் சொன்னாரு. லைசன்ஸப் பிடுங்கிட்டாய்ங்க. அவனுக்கு ரெண்டு விரலு மடங்காமப் போச்சுன்னு சொன்னாய்ங்க. அப்பறம் ஊர்ல காணோம். திருப்பூர்ல சாயப்பட்டறையில பாத்தேன்னு ஒருத்தன் சொல்றான். கேரளாவுல கல்லு ஒடைக்கிறான்னு இன்னொருத்தன். ரெண்டு வாய்தாவுக்கு வரல, இப்ப வாரண்டு போட்டாச்சு. ஓடிட்டான்ல, அப்ப அவன் மேலதான் தப்புன்னு ஊர்ல பேசிக்கிறாய்ங்க. நான் பேசல.

ராசாத்தி? என் வீட்டுக்காரிதான், அவளுக்குத் தெரியும். சாமி அலமாரி அவ கையில இருக்குறதுதான. அன்னைக்கிக் காலையில அவ வெளக்கு ஏத்தையில சாவி அங்கதான் தொங்குச்சு. ஒரு வார்த்தை கேக்கல என்னய. மோரு வச்சிட்டு எப்படிப் போனா பாத்தீங்கள்ல? அப்படித்தான் ஏழு மாசமா. சோறு வைப்பா, தண்ணி வைப்பா, போயிருவா.

வண்டி ஸ்டேசன்லருந்து வந்ததும், வேற டிரைவர் போட்டுப் பாத்தேன். காலையில ஆறு மணிக்குத் தெருவுல நிறுத்தி ஆரன் அடிக்கிறான். தூக்குச்சட்டியோட பொம்பளைக அந்தப் பக்கமாவே நடந்து போயி சின்னமனூர்க்காரன் வண்டியில ஏறுறாக. ஒருத்திகூடத் திரும்பிப் பாக்கல. நானே எறங்கிப் போயி ஈஸ்வரிகிட்டக் கேட்டேன், என்னம்மா இப்படின்னு. அவ நின்னு, "வனராசுகிட்டச் சாவி இருந்திருந்தா எதுக்குண்ணே உங்களுக்கு அம்புட்டுப் போன் அடிச்சான்?"ன்னா. "பதட்டத்துல அடிச்சிருப்பான்"னேன். அவ ஏறிப் போயிட்டா. காமுத்துரைகிட்டயும் சொல்லிப் பாத்திருக்காளுக. அவரு நம்பல. "பவுன்ராசு அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு"ன்னு அவளுகளத்தான் ஏசியிருக்காரு.

அதான் விக்கிறேன். வண்டியில ஒரு கொறை கிடையாது. ராசி கீசின்னு நீங்க பாக்குறவரு இல்லன்னு போன்லயே சொன்னீங்க. வித்துட்டு திண்டுக்கல்லுக்கு, மக வீட்டுப் பக்கம் போயிரலாம்னு இருக்கேன். இந்த ஊர்ல இருக்க முடியல தம்பி. பொம்பளைக பேசுறதுக்காக இல்ல. அது எம்புட்டு நாளைக்கிப் பேசுவாளுக?

காமுத்துரைதான். தெனம் வாராரு. வேலை முடிஞ்சு நேரா இங்கதான். காரியத்துக்கு ஒரு மூட்டை அரிசி எறக்குனேன், அத மறக்க மாட்டேங்குறாரு. வீட்டுல தனியா இருக்க முடியலண்ணேன்னு, நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, அந்த எடத்துல உக்காருவாரு. அவளப் பத்திப் பேசுவாரு. என்ன கொழம்பு வைப்பா, எப்படித் தூங்குவான்னு. அப்பறம் வனராச வைவாரு. கண்டா வெட்டுவேன்பாரு. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். போன வாரம் அந்தச் செவுத்த அவராவே வந்து பூசிக் குடுத்தாரு, கூலி வாங்கல. "நீங்க ஒருத்தர்தான்ணே எங்களுக்காக நின்னீங்க"ன்னாரு.

அந்தா, சைக்கிள நிறுத்துறாரு பாருங்க. அவருதான்.

வாங்க காமுத்துரை. இன்னைக்கி வெள்ளனவே முடிஞ்சிருச்சா வேலை? இவரு கோயமுத்தூரு, வண்டி பாக்க வந்திருக்காரு. ராசாத்தி, இன்னொரு டம்ளர் கொண்டா.

தம்பி, எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, அவரு நம்ம ஆளுதான்.

ஆமா காமுத்துரை, எல்லாத்தையும் கேட்டாரு, சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கி நடந்தது பூராம். சாவியா? அதையுந்தான். வனராசுகிட்டத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன்.

சொன்னேன்ல தம்பி?